தண்ணீருக்கு முன்னால் நடந்தவர்

காரேற்று அணையில் சுந்தர்சிங் லஸ்கராகச் சேர்ந்து இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. லஸ்கர் என்றால் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். ஷட்டரை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு மதகுச் சுவரில் எழுதியிருக்கும் அடிக்கணக்கைப் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். திறந்துவிட்ட தண்ணீர் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்வரை ஆற்றோரமாக அதன் கூடவே நடக்க வேண்டும். இவ்வளவுதான். அணையும் பெரிய அணை இல்லை. சித்தூரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளில் பாதிப் பேருக்கு அது எந்தத் திக்கில் இருக்கிறது என்றே தெரியாது.

ஆனால் அணைக்குக் கீழே பதினோரு மைலில் இருந்த ஈச்சங்கண்டிகையில் போய்க் கேட்டால், கலெக்டரைவிட சுந்தர்சிங்தான் பெரியவர் என்பார்கள். நாற்பது வீடு உள்ள ஊர். குடிப்பதற்கு ஆற்று மணலில் இறக்கிய ஒரே கிணறு. கோடையில் அணையிலிருந்து விடும் தண்ணீர் ஊர்வரைக்கும் வந்து மணலை நனைத்தால் அந்தக் கிணறு ஊறும். ஊறினால் மழைக்காலம் வரை மனுஷனும் மாடும் தப்பிக்கலாம். அப்படித் தண்ணீர் விடும்போதெல்லாம் அதற்கு முன்னால் நடந்து வருகிற ஆள் சுந்தர்சிங். வளைவில் அவருடைய காக்கிச் சட்டை தெரிந்தால் பின்னால் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். அதற்கு வேறு அர்த்தம் என்றைக்குமே இருந்ததில்லை.

அவரை ஊர் எல்லையில் இருக்கும் வேப்பமரத்தடியில் நிறுத்துவார்கள். ஒரு குடம் தண்ணீரை அவர் காலில் ஊற்றிக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவார்கள். அது முடிகிறவரை வந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் பின்னால் வருகிற கங்கம்மா கோபித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுவாளாம். யார் வகுத்த சட்டமோ, சர்க்கார் சட்டத்தைவிட ஒழுங்காக அந்த ஊரில் நடந்து வந்தது.

சுந்தர்சிங்கோ மிஷன் காலத்திலிருந்து ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். "இந்துக்கள் உன் காலில் மஞ்சள் பூசிக் கும்பிடுகிறார்களாமே" என்று சபை மூப்பர் இயேசுதாசன் ஒருமுறை எல்லார் முன்னிலும் கேட்டுவிட்டார். சுந்தர்சிங்கின் மனைவி லோயிஸ்தான் பதில் சொன்னாள்.

"தண்ணி கொண்டாந்தவரு காலைக் கழுவுறாங்க, மூப்பரே. நீங்களும் ஒரு மைலு தண்ணியோட நடந்து போய்ப் பாருங்க. உங்க காலையும் கழுவுவாங்க."

அதற்குப் பிறகு மூப்பர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கத்திரி வெயிலில் இந்தப் பழக்கமெல்லாம் சோதனைக்கு வந்தது. முந்தின ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றிவிட்டுப் போயிருந்தன. அணையில் ஏழு அடித் தண்ணீர்தான் மிச்சம். அதையும் டவுனுக்குக் குடிதண்ணீர் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஈச்சங்கண்டிகைக் கிணற்றில் ஒரு குடம் நிரம்ப அரை மணி நேரம் ஆயிற்று. கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும். மாட்டுக்கு எங்கே போவது? சந்தைத் தரகர் வேதாச்சலம் வந்து பார்த்துவிட்டு, அடுத்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் லாரியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஊர்க்காரர்களும் தலையை ஆட்டிவிட்டார்கள். சனிக்கிழமைக்குள் தண்ணீர் வந்தால் மாடு இருக்கும், வராவிட்டால் லாரியில் ஏறும்.

பொன்னியம்மாளுக்கு இரண்டு எருமைகள். புருஷன் போன பிறகு அவளைக் காப்பாற்றியது அந்த இரண்டும்தான். அதில் கொம்பில்லாத மோழை அவள் கையால் பிறந்த கன்று. அவள் கூப்பிட்டால் தெருக்கோடியிலிருந்து ஓடிவரும். அவளும், ஆற்றங்கரையில் நிலம் வைத்திருந்த செங்கல்வராயனும் சித்தூருக்குப் பஸ் ஏறிப் போய் மூன்று நாள் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். நான்காம் நாள் ஆர்டர் கிடைத்தது. திரும்புகிற வழியில் இருவரும் அணைக்கு வந்து இறங்கினார்கள்.

"லஸ்கரண்ணா, ஆர்டரு ஆயிடுச்சி," என்றாள் பொன்னியம்மாள். வெயிலில் அவள் உதடு வெடித்திருந்தது, அதோடு சிரித்தாள். "சனிக்கெழமக்குள்ள வந்துடுவீங்க இல்ல?"

"வந்துடுவேம்மா," என்றார் சுந்தர்சிங்.

ஆர்டரைப் படிக்காமல் சொன்ன வார்த்தை அது.

திங்கட்கிழமை ஜூனியர் இன்ஜினியர் நாகேந்திரன் ஜீப்பில் வந்து ஆர்டரைக் காட்டினான். இருபத்தேழு வயசு, முதல் வேலை, நல்ல பையன். நதிப்படுகைக் குடிநீர் ஊற்றுகளை நனைப்பதற்காக எட்டு மில்லியன் கன அடிக்கு மிகாமல், ஷட்டரை அரை அடி உயர்த்தி, செவ்வாய் காலை ஆறு முதல் சனி காலை ஆறு வரை நான்கு நாள் திறக்கவும் என்று டைப் அடித்திருந்தது. கீழே பெரிய கையெழுத்து.

சுந்தர்சிங் இரண்டு தடவை படித்தார்.

"சார், அரை அடி பத்தாது சார். மணலு காஞ்சி கெடக்குது. இப்புடிக் கொஞ்சம் கொஞ்சமா வுட்டா எல்லாத்தையும் மணலே குடிச்சிடும். மூணு அடி ஒரேதா ஏத்துங்க. பதினாறு மணி நேரத்துல எறக்கிடலாம். அதே தண்ணிதான் சார், ஒரு சொட்டு அதிகமா ஆவாது. ஆனா ஊரு போய்ச் சேந்துடும்."

"நாக்கு தெலியதா, எனக்குத் தெரியாதா, சுந்தர்சிங்?" என்றான் நாகேந்திரன். அவனுக்குத் தெலுங்கும் தமிழும் கலந்துதான் வரும். "கணக்கு ஒண்ணேதான். ஆனா ஆர்டர்ல அரை அடின்னு போட்டுட்டாங்களே. மூணு அடி தூக்கினா டவுன்காரங்க நம்ம தண்ணி போயிடுச்சுன்னு ரோட்ல உக்காருவாங்க. அரை அடின்னா யார் கண்ணுக்கும் தெரியாது, அதான்."

கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் விட வேண்டுமாம். சித்தூரில் யாரோ ஒரு புத்திசாலி யோசித்திருக்கிறார். சிக்கனமாகவும் இருக்கும், சண்டையும் வராது. மணல் என்ன செய்யும் என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? அவர் மணலைப் பார்த்தது வீடு கட்டும்போதுதான்.

நாகேந்திரன் போஸ்டாபீசுக்குப் போய் டிரங்க் கால் போட்டான். இரண்டு மணி நேரம் காத்திருந்தான். பெரிய இன்ஜினியர் கேம்ப் போயிருக்கிறார், புதன்கிழமைதான் வருவார் என்றார்கள். திரும்பி வந்தவன் முகத்தைப் பார்த்ததுமே சுந்தர்சிங் கேட்பதை விட்டுவிட்டார்.

செவ்வாய் காலை ஆறு மணிக்கு ஷட்டரை அரை அடி ஏற்றினார்கள். அடிக்கு அறுபது சுற்று. முப்பது சுற்றில் வேலை முடிந்தது. நாகேந்திரன் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். வழக்கமாக அவன் போகும்போது சுற்றுகிற ஹேண்டிலைக் கழற்றி ஜீப்பில் போட்டுக்கொண்டு போவான். அன்றைக்கு அதைச் சுவர்மேல் வைத்தான்.

"ஹேண்டில் இங்கயே இருக்கட்டும். நான் சித்தூர் போறேன். நாளைக்குத்தான் வருவேன்," என்றான் சுந்தர்சிங்கின் முகத்தைப் பார்க்காமல். ஜீப் கிளம்பிப் போயிற்று.

அவன் சொல்லாமல் சொன்னது சுந்தர்சிங்குக்குப் புரிந்தது. நீ ஏற்று, நான் பார்க்கவில்லை. விஷயம் வெளியே வந்தால் நீ மாட்டிக்கொள்.

அவர் ஏற்கெனவே ஒருமுறை மாட்டியவர். எழுபத்து நாலில் குடியானவர்கள் அழுததைப் பார்த்து மனசு இளகி ஒரு அடி கூடுதலாக ஏற்றினார். மெமோ வந்தது, எட்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அந்த எட்டு மாதமும் லோயிஸ் சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபாக்டரிக்குப் போய்ப் பழம் நறுக்கினாள். மாம்பால் பட்டுப் பட்டு அவள் விரல்களெல்லாம் தோலுரிந்து வெந்துபோயின. ராத்திரி சோறு பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டாள். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இப்போது அவருக்குப் பென்ஷனுக்கு மூன்று வருஷம் பாக்கி.

ஆனாலும் ஹேண்டிலை எடுத்து மாட்டினார். சுற்றினார். நாற்பது, ஐம்பது, அறுபது. ஷட்டர் ஒன்றரை அடிக்கு ஏறியதும் கீழே தண்ணீரின் சத்தமே மாறிவிட்டது. மதகின் வாய் நிறையப் பொங்கி, மணலை வாரிக்கொண்டு ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் தொண்ணூறு சுற்று, அவ்வளவுதான். பொன்னியம்மாளின் எருமை பிழைத்துவிடும் என்று நினைத்தார்.

அப்புறம் லோயிஸின் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. கரைமேல் சைக்கிளில் போன யாரோ ஒருவன் சத்தம் கேட்டு நின்று, கையைக் கண்ணுக்குமேல் வைத்துப் பார்த்தான். டவுன்காரனா, மாடு தேடி வந்தவனா, தெரியவில்லை. பார்த்தவன் போகும்வரை காத்திருக்கக்கூட அவருக்குத் தைரியம் இல்லை. அறுபது சுற்றையும் திருப்பிச் சுற்றினார். மதகின் சத்தம் அடங்கியது. அந்த நிமிஷத்தில் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஹேண்டிலைக் கழற்றி, கொட்டகைக்குள் வைத்துப் பூட்டி, சாவியை நாகேந்திரனுக்காக நிலையின்மேல் வைத்துவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார்.

காய்ந்த ஆற்றில் தண்ணீர் எப்படிப் போகும் என்று பார்த்திராதவர்கள் அது ஓடும் என்று நினைப்பார்கள். ஓடாது, நக்கிக்கொண்டு போகும். முன்னால் ஒரு சாண் அகலத்துக்கு அழுக்கு நுரை, அதில் சருகு, ஆட்டுப் புழுக்கை, எறும்பு. அது ஒரு அடி போகும், நிற்கும். நின்ற இடத்தில் மணலுக்குள்ளிருந்து குமிழி குமிழியாகக் காற்று வரும். பின்னால் வரும் தண்ணீர் வந்து தள்ளினால் இன்னொரு அடி போகும். சுந்தர்சிங் அதற்குப் பத்தடி முன்னால் போய் நின்று திரும்பிப் பார்ப்பார். அது வந்து சேர்ந்ததும் இன்னொரு பத்தடி போவார்.

முதல் நாள் நான்கு மைல் போனார்கள், அவரும் தண்ணீரும். மோசமில்லை என்றுதான் நினைத்தார். இரண்டாம் நாள் இரண்டரை மைல். வழியில் இருந்த ஊர்க்காரர்கள் ஆயில் இன்ஜினைச் சாக்குப் போட்டு மூடிவிட்டுக் கரையில் நின்று பார்த்தார்கள். கரும்பு காய்கிறது அவர்களுக்கும். ஆனால் குடிக்கப் போகிற தண்ணீர் என்று ஒருத்தரும் குழாயை இறக்கவில்லை. ஒருத்தர் திருடியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். திருடியதெல்லாம் மணல்தான், அதோடு யார் சண்டை போடுவது?

மூன்றாம் நாள் ஒன்றே முக்கால் மைல். நான்காம் நாள் ஒரு மைல். வழியில் யாராவது கேழ்வரகுக் கூழ் கொடுத்தார்கள், குடித்தார். "இன்னா லஸ்கரு, போய்ச் சேருமா?" என்று கேட்டார்கள். "சேரும், சேரும்" என்றார். சொல்லும்போதே தண்ணீரைப் பார்த்து, "நடம்மா, கொஞ்சம் வெரசா நடம்மா" என்று கெஞ்சினார். ஆண்டவரிடம் கெஞ்சினார். அந்த நான்கு நாளில் அவர் கெஞ்சாத ஆள் இல்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேலே நாகேந்திரன் இந்நேரம் ஷட்டரை இறக்கியிருப்பான். இனிமேல் வருவது வழியில் இருக்கும் மிச்சத் தண்ணீர். அது தீருவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

ஊருக்கு இன்னும் ஒன்றே முக்கால் மைல்தான். அதிலும் ஒரு நல்ல செய்தி இருந்தது. கொஞ்சம் தள்ளி மணல் மெலிந்து அடியில் பாறை வந்துவிடும். பாறைமேல் ஏறிவிட்டால் தண்ணீரை மணல் குடிக்க முடியாது; ஒரு மணி நேரத்தில் கிணற்றைத் தொட்டுவிடும். சுந்தர்சிங்குக்கு நான்கு நாளில் முதல்முறையாக நம்பிக்கை வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தப் பாறையைப் பார்க்க வேகமாக முன்னால் போனார்.

பாறைக்கு முன்னால் ஒரு பள்ளம் இருந்தது.

போன மாதம் ஊற்று பார்க்கலாம் என்று செங்கல்வராயன் ஊர் ஆட்களைக் கூட்டிவந்து வெட்டிய பள்ளம். ஆற்றின் தாழ்ந்த பக்கத்தில், குறுக்காக நாற்பது அடி நீளம், ஒன்றரை ஆள் ஆழம். ஈரம்தான் கண்டது, ஊற்று காணவில்லை. விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வெட்டிய மணலையும் சுக்கான் கல்லையும் கீழ்ப்பக்கமாகவே வாரிப் போட்டிருந்தார்கள். அது இடுப்பு உயரத்துக்குக் கரை மாதிரி நின்றது. மூன்று அடி ஷட்டர் தண்ணீராக இருந்தால் அதை ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். இந்தத் தண்ணீர் பள்ளத்தின் விளிம்புக்கு வந்தது, சத்தமில்லாமல் உள்ளே வழிந்தது.

சுந்தர்சிங் தடியால் கரையைக் குத்தினார். கையால் வாரினார். சுக்கான் நகத்தைப் பெயர்த்தது. ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை அது. இருபது ஆள், இருபது மண்வெட்டி இருந்தால் பள்ளத்துக்குப் பக்கமாக ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைப் பாறைக்குத் திருப்பிவிடலாம். முக்கால் மணி நேர வேலை. மேலே திரும்பிப் பார்த்தார். வருகிற தண்ணீர் இன்னும் ஒரு முழ அகலத்துக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் வரும், அதற்குமேல் வராது.

ஐம்பத்தைந்து வயசில், கத்திரி வெயிலில், சுடுகிற மணலில் அவர் ஓடினார். ஓட முடியாத இடத்தில் நடந்தார். மண்வெட்டி, மண்வெட்டி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார். கடைசி வளைவு திரும்பியபோதுதான், தான் செய்வது என்ன என்று அவருக்கு உறைத்தது.

வேப்பமரத்தடியில் ஊர் முழுவதும் நின்றிருந்தது. வியாழக்கிழமையிலிருந்தே அங்கேதான் நிற்கிறார்கள். அவருடைய காக்கிச் சட்டையைப் பார்த்ததும் ஒரு குலவை எழுந்தது. பின்னாலேயே மேளம். பெண்கள் அழுதார்கள், சிரித்தார்கள். ஒரு கிழவர் தரையில் விழுந்து ஆற்றைக் கும்பிட்டார். ரோட்டுப் பக்கம் வேதாச்சலத்தின் லாரி முன்கூட்டியே வந்து நின்றிருந்தது. "திருப்பிக்கினு போய்யா உன் வண்டிய!" என்று யாரோ கத்தினார்கள்.

சுந்தர்சிங் இரண்டு கையையும் ஆட்டினார். வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினார். அவர்கள் கும்பிடு போடுகிறார் என்று நினைத்துத் திரும்பக் கும்பிட்டார்கள்.

"மண்வெ..." என்று ஆரம்பித்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் செங்கல்வராயன் பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினான்.

"பேசாத லஸ்கரு! பேசாத! இவ்ளோ தூரம் இட்டுக்கினு வந்துட்டு இப்போ பேசி அவளத் திருப்பிடாத!"

திமிறினார். நான்கு பேர் பிடித்து மரத்தடியில் நிறுத்தினார்கள், அன்பாகத்தான். பொன்னியம்மாள் குடத்தோடு வந்தாள். பித்தளைக் குடம், புளி போட்டுத் தேய்த்திருந்தாள். கழுத்துவரைக்கும் தண்ணீர். அந்த ஊரில் ஒரு குடம் தண்ணீர் என்றால் என்ன என்று சுந்தர்சிங்குக்குத் தெரியும்.

இரண்டு கையாலும் குடத்தின் வாயைப் பிடித்துக்கொண்டார். பொன்னியம்மாள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"வுடுங்கண்ணா. மூணு நாளா இதுக்குன்னே எடுத்து வெச்ச தண்ணி. மோழைக்குக் கூடக் காட்டல. காஞ்ச காலோட உங்கள நிக்க வெச்சா எங்களுக்கு ஆவுமா?"

செங்கல்வராயனின் கை இன்னும் அவர் வாய்மேல் இருந்தது. அதைக் கடித்திருக்கலாம். குடத்தைத் தட்டிவிட்டு ஓடியிருக்கலாம். பிற்பாடு எத்தனையோ தடவை அதை நினைத்துப் பார்த்திருக்கிறார். ஆனால் அந்த நேரத்தில், இருபத்தாறு வருஷப் பழக்கம் அவருக்குள்ளும் ஏதோ செய்துவிட்டது. பேசினால் நிஜமாகவே திரும்பிவிடுமோ என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மிஷன் குடும்பத்து சுந்தர்சிங்கும் பயந்துபோனார். பிடித்திருந்த கை தளர்ந்தது.

பொன்னியம்மாள் ஊற்றினாள். நிதானமாக, இரண்டு காலுக்கும், விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினாள். வெந்துபோன கால்களில் அந்தத் தண்ணீர் பட்டபோது சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை அவரால் தாங்க முடியவில்லை. கண்ணிலிருந்து கொட்டியது. ஆனந்தக் கண்ணீர் என்று பெண்கள் இன்னும் உரக்கக் குலவையிட்டார்கள். மஞ்சள் பூசினார்கள். குங்குமம் வைத்தார்கள். கற்பூரம் காற்றில் இரண்டு தடவை அணைந்து மூன்றாம் தடவை நின்று எரிந்தது. செங்கல்வராயன் கையை எடுத்தான்.

"இப்போ சொல்லு லஸ்கரு, எங்க கீது?"

"உன் பள்ளத்துல," என்றார் சுந்தர்சிங். "ஊத்து பாக்க வெட்டினியே, அதுல போய்க்கினு கீது. மண்வெட்டி கேக்கத்தான் ஓடியாந்தேன். பாழாப் போச்சேப்பா, கால் மணி நேரம் பாழாப் போச்சே!"

மேளம் நின்றது. பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் வீடுகளுக்கு ஓடினார்கள், மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கி ஓடினார்கள். சுந்தர்சிங்கும் பின்னாலேயே போனார். மஞ்சள் பூசிய காலில் மணல் அப்பிக்கொண்டது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மேலேயிருந்து வருகிற தண்ணீர் விரல் அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. கணக்கு போட்டிருந்த இரண்டு மணி நேரம்கூட அது வரவில்லை. ஆனாலும் வெட்டினார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. செங்கல்வராயன் பேய் பிடித்தவன்போல வெட்டினான். வாய்க்கால் பாறையைத் தொட்டபோது, அதில் விடுவதற்குத் தண்ணீர் இல்லை. பள்ளத்துக்குள் முழங்கால் அளவு நின்றது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. மண்வெட்டி கேட்டாரே தவிர, குடம் எடுத்துவரச் சொல்ல சுந்தர்சிங்குக்குத் தோன்றவில்லை. பெண்கள் ஊருக்குத் திரும்பிப் போய்க் குடத்தோடு வருவதற்குள் சேறுதான் மிச்சம். நாற்பது வீட்டுக்கு மூன்று குடம் கலங்கல் தண்ணீர் கிடைத்தது.

செங்கல்வராயன் பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான்தானே வெட்டனேன்," என்றான். "நான்தானே வாயப் பொத்தனேன்."

சுந்தர்சிங் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அணையில் அறுபது சுற்று ஏற்றிவிட்டுத் திருப்பி இறக்கியதை அவனிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. உன் தப்பில்லை, என் தப்பு என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார். இப்போது வாயைப் பொத்த யாரும் இல்லை. ஆனாலும் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. அவன் தோளில் கையை வைத்தார்.

பொழுது சாயும்போது ஊருக்குத் திரும்பினார்கள். லாரியின் பின்கதவைத் திறந்து பலகை போட்டிருந்தார்கள். வேதாச்சலம் கெட்ட மனுஷன் இல்லை. பீடியைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மாடுகளைப் பிடித்து வந்தார்கள். சில பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றைக் கொடுத்தார்கள். பொன்னியம்மாள் பெரிய எருமையை ஏற்றிவிட்டு மோழையை அவிழ்க்கக் கொட்டிலுக்குப் போனாள். அறுந்த கயிறுதான் அங்கே கிடந்தது.

"மோழ! ஏ மோழ!" என்று கூப்பிட்டாள். எப்போதும் ஓடி வருகிற மாடு வரவில்லை.

அது வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. சுந்தர்சிங்கின் கால் கழுவிய இடத்தில், நிழலில் இன்னும் காயாமல் இருந்த ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. அவள் வந்ததைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

லாரி டிரைவர் ஹாரன் அடித்தான்.

"இருப்பா," என்றாள் பொன்னியம்மாள். "அது பங்குத் தண்ணி அது. நக்கிட்டு வரட்டும்."

ஈரம் தீர்ந்தது. மோழை தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. மரத்தின் மறுபக்கம் நின்றிருந்த சுந்தர்சிங்கிடம் வந்து குனிந்து, பள்ளத்துச் சேறு அப்பியிருந்த அவருடைய கால்களை நக்க ஆரம்பித்தது. சொரசொரப்பான நாக்கு சேற்றையும் மஞ்சளையும் வழித்தெடுத்தது. பொன்னியம்மாள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சுந்தர்சிங் காலை நகர்த்தவில்லை. ஒரு கால் முடிந்ததும் மற்ற காலை முன்னால் எடுத்து வைத்தார்.